உண்டு, இல்லை, தெரியாது

சேஜ் என்று ஒரு கணித மென்பொருள். 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்தும் பார்க்கலாம். அதனிடம் நான்கு எண்களைக் கொடுத்து, இந்த அளவில் ஒரு கிராஃப் உண்டா என்று கேட்கலாம். சில சமயம் கிராஃபையே கட்டிக் கையில் கொடுத்துவிடும். சில சமயம், அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லும். சில சமயம், உண்டு என்று ஆன்ட்ரீஸ் பிரவுவரின் அட்டவணை சொல்கிறது, ஆனால் அதைக் கட்டும் வழி எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளும். இன்னும் சில சமயம், உண்டா இல்லையா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை என்று கைவிரித்துவிடும்.

கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் நடத்தியவள் நான். அதற்கும் முன்னால் பெரியப்பாவிடம் தருக்கம் படித்தவள். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடு எங்களுடையது; கடவுள் உண்டா, உயிர் உண்டா, மலம் அநாதியா என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்திலும் ஓயாது. அந்தப் பேச்சில் 'உண்டு' என்பவர்களையும் 'இல்லை' என்பவர்களையும் நிறையக் கேட்டிருக்கிறேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னவர்கள் குறைவு. அதனால்தான் இந்த மென்பொருளின் நான்கு பதில்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. எங்கள் வீட்டுத் தருக்கப் பாடம் முழுவதும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராஃப் என்றால் சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான். கோடு வளைந்ததா நேரா, புள்ளி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. இவற்றில் ஒரு சிறு வகை மிகுந்த கட்டுப்பாடு உடையது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண்ணிக்கையில் அண்டைப் புள்ளிகள். இணைந்த எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவான அண்டைகள் ஒரே எண்ணிக்கை. இணையாத எந்த இரண்டை எடுத்தாலும் இன்னொரு ஒரே எண்ணிக்கை. இவற்றை வலுவொழுங்கு கிராஃப் என்று வைத்துக்கொள்வோம். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்து பிறகு அமெரிக்கா போன ராஜ் சந்திர போஸ் 1963இல் இந்த வகைக்குப் பெயர் வைத்தார்.

பீட்டர்சன் கிராஃப் இதில் எல்லோரும் அறிந்த பிள்ளை: 10 புள்ளி, 15 கோடு. ஒரு புள்ளியில் நில்லுங்கள். மூன்று அண்டைகள். அவற்றுக்குள் ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உங்களைத் தவிர இன்னும் இரண்டு அண்டைகள், ஆக ஆறு. ஒன்றும் மூன்றும் ஆறும் பத்து, கணக்கு முடிந்தது. எந்தப் புள்ளியில் நின்றாலும் உலகம் இப்படியேதான் தெரியும். (10, 3, 0, 1) என்ற நான்கு எண்களுக்குள் இது முழுவதும் அடங்கிவிடுகிறது.

இப்போது எண்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே பாணியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு அண்டை வேண்டும் என்றால் ஒன்றும் நான்கும் பன்னிரண்டும் சேர்ந்து 17 புள்ளி வரும். எண்ணிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் இயற்கணிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு இடிக்கும். அப்படி ஒரு கிராஃப் இல்லை. ஆலன் ஹாஃப்மனும் ராபர்ட் சிங்கிள்டனும் 1960இல் காட்டியது இதுதான்: இந்தப் பாணியில் அண்டைகளின் எண்ணிக்கை 2, 3, 7, 57 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 2 என்றால் ஐங்கோணம். 3 பீட்டர்சன். 7க்கு 50 புள்ளியில் அவர்களே ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். 57ஐப் பிறகு பார்ப்போம். அதில்தான் சைவ வீட்டுக்காரிக்கு வேலை இருக்கிறது.

இப்படி எந்த எந்த நான்கு எண்களுக்கு உண்டு, எதற்கு இல்லை, எது யாருக்கும் தெரியாது என்று 1300 புள்ளிகள் வரை அட்டவணை போட்டு வைத்திருக்கிறார் ஆன்ட்ரீஸ் பிரவுவர் என்ற டச்சுக் கணிதவியலாளர். (கணினிக்காரர்களுக்கு இவர் வேறு வகையில் தெரிந்தவர். 'ஹேக்' என்ற பழைய விளையாட்டை 1980களில் விரித்து எழுதி வெளியிட்டவர், லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களைப் பல வருஷம் பராமரித்தவர். இப்படிப்பட்ட மனிதர்கள் எப்போது தூங்குவார்கள் என்று தெரியவில்லை.) அந்த அட்டவணையில் 'உண்டு' என்ற இடத்தில் யார் சொன்னது, எந்த வழியில் கிடைக்கிறது என்று குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் ஆய்வுக் கட்டுரை வரும். அது இன்னொரு கட்டுரையைக் காட்டும். அதில் 'எளிதில் காணலாம்' என்று எழுதியிருக்கும். எளிதில் காண முடியாது என்பது கணிதம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

நதான் கோயன், டிமா பசேச்னிக் என்ற இருவர் செய்த காரியம், இந்த 'உண்டு' ஒவ்வொன்றையும் சேஜுக்குள் உண்மையான கிராஃபாகக் கட்டி வைக்க முயன்றது. 2016 வாக்கில் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார்கள். முடிவில்லாமல் நீளும் குடும்பங்களுக்குப் பொது விதியை நிரலாக எழுதிவிடலாம். குடும்பம் இல்லாத ஒற்றைப் பிறவிகள்தான் பாடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பழைய கட்டுரையைப் பிரித்து, அதில் சொன்ன குலத்தையோ குறியீட்டையோ மேட்ரிக்ஸையோ மறுபடி உருவாக்கி, புள்ளிகளையும் கோடுகளையும் அடுக்க வேண்டும். அடுக்கி முடித்த பிறகு யார் சொன்னது என்பதற்கு மதிப்பே இல்லை. மென்பொருள் எல்லா ஜோடிகளையும் எண்ணிப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்லிவிடும்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளைப் பேசும்போது பல வகைகளைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். சேஜின் பதில்களை அங்கே வைத்துப் பாருங்கள். கிராஃபைக் கட்டிக் கொடுப்பது காண்டல். 17 புள்ளியில் இருக்க முடியாது என்பது கருதல். பிரவுவர் சொல்கிறார், என்னிடம் இல்லை என்பது உரை. நம்பத்தக்க ஆப்தர் சொன்ன உரை. இந்த மூன்றாவது பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உரையை உரை என்றே சொல்கிறது. கண்டதாகப் பாவனை செய்யவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காகத் தள்ளிவிடவும் இல்லை. கண்டவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுகிறது. ஆகமத்தை நம்புகிறவர்களும் மறுக்கிறவர்களும் நம் ஊரில் இந்த மூன்றையும் ஒரே குரலில் செய்து நான் கேட்டதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு பிரவுவர் இருந்தார்: எல். இ. ஜே. பிரவுவர், 1966இல் காலமானவர். கணிதத்தில் ஒன்று 'உண்டு' என்றால் அதைக் கட்டிக் காட்ட முடிய வேண்டும், 'இல்லாவிட்டால் முரண்பாடு வரும்' என்று சொல்லிவிட்டு உண்டு என்று முடிக்கக் கூடாது என்று சண்டை போட்டவர் அவர். ஒன்று உண்டு அல்லது இல்லை, நடுவில் வேறில்லை என்ற விதியையே ஏற்க மறுத்தார். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹில்பர்ட் அவரோடு கடுமையாக மோதினார். அட்டவணைக்காரர் வேறு பிரவுவர்தான். ஆனால் ஒரு பிரவுவரின் அட்டவணையை இன்னொரு பிரவுவரின் கொள்கைப்படி கட்டிக் காட்டும் வேலையை சேஜ் செய்திருக்கிறது என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

'இல்லை' என்பதுதான் கடினமான பதில். தருக்கத்தில் வரும் பழைய உதாரணம்: தரையில் குடம் இல்லை என்று எப்படி அறிகிறோம்? குமாரிலரின் மீமாம்சகர்கள் அதற்குத் தனி அளவையே உண்டு என்றார்கள். காணாமையே அறிவைத் தருகிறது என்று. நியாயக்காரர்கள், கண்தான் காண்கிறது, தனி அளவை வேண்டாம் என்றார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரு நிபந்தனையில் சேர்ந்து நின்றார்கள். குடம் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்றும் ஆகாது, ஏனென்றால் அது காணத்தக்க பொருள் அல்ல என்பார்கள்.

கணினித் தேடலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் எனக்குத் தெரியாது. (57, 14, 1, 4) என்ற கிராஃப் இல்லை என்று வில்பிரிங்கும் பிரவுவரும் 1983இல் காட்டியது வாதத்தால். (75, 32, 10, 16) இல்லை என்று 2015இல் அசாரியாவும் மார்க்கும் காட்டியது, வாதத்தோடு கணினித் தேடலையும் சேர்த்து. தேடி அகப்படவில்லை என்பது போதாது. இருந்திருந்தால் இந்தத் தேடலில் அகப்பட்டே இருக்கும் என்று முதலில் நிறுவ வேண்டும். வெளிச்சத்தை ஏற்றிய பிறகுதான் குடம் இல்லை என்று சொல்ல உரிமை.

அந்த வெளிச்சத்தின் மேலேயே சந்தேகம் வந்த கதையும் உண்டு. 10ஆம் வரிசை வீழ்ப்புத் தளம், அதாவது 111 புள்ளி, 111 கோடு, ஒவ்வொரு கோட்டிலும் 11 புள்ளி உள்ள ஓர் அமைப்பு, இல்லை என்று கிளெமென்ட் லாமும் கூட்டாளிகளும் 1989இல் கிரே சூப்பர் கணினியைக் கொண்டு தேடி முடித்தார்கள். இத்தனை நீண்ட ஓட்டத்தில் கணினியே எங்காவது பிசகியிருக்கலாம் என்று லாமே எழுதினார். தன் கண்ணில் புரை இருக்கக்கூடும் என்று சாட்சியே ஒப்புக்கொள்கிற மாதிரி. பிற்காலத்தில் வேறு குழு வேறு முறையில், மூன்றாம் ஆள் சரிபார்க்கக்கூடிய சான்றுகளோடு அந்தத் தேடலை மறுபடி செய்தது. முடிவு மாறவில்லை.

சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்கசங்கிரகத்தைத்தான் பெரியப்பா எனக்குப் பாடம் சொன்னார். அதில் இன்மை நான்கு வகை. தோன்றுவதற்கு முன் இல்லாமை, அழிந்த பின் இல்லாமை, எக்காலத்தும் இல்லாமை, ஒன்று இன்னொன்றாக இல்லாமை. சிறுமியாக இருந்தபோது இந்தக் கடைசி வகை எனக்கு வெறும் வார்த்தைச் சிலம்பமாகத் தோன்றியது. குடம் துணி அல்ல. சரி, அதற்கு என்ன? அதன் கனம் புரிந்தது ஸ்ரீகண்டே கிராஃபைப் படித்தபோதுதான்.

கரும்பலகையில் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள். 16 கட்டமும் 16 புள்ளி. சதுரங்க யானை ஒரே நகர்வில் போகக்கூடிய கட்டங்களையெல்லாம் இணையுங்கள்: வரிசையில் மூன்று, நெடுக்கில் மூன்று, ஆக ஆறு அண்டை. எந்த இரண்டு புள்ளிக்கும், இணைந்திருந்தாலும் இணையாவிட்டாலும், பொது அண்டை இரண்டு. (16, 6, 2, 2). இப்போது பக்கத்திலேயே இன்னொரு நான்குக்கு நான்கு போடுங்கள். இதில் வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்தில் வந்துவிடுவோம், மேலே தாண்டினால் கீழே. ஒவ்வொரு கட்டத்தையும் இடம், வலம், மேல், கீழ் நான்கோடும், ஒரே ஒரு மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளோடும் இணையுங்கள். இதிலும் ஆறு அண்டை. இதிலும் பொது அண்டை இரண்டே. அதே (16, 6, 2, 2).

நான்கு எண்களும் ஒன்று. இரண்டும் ஒரே கிராஃபா? ஒரு புள்ளியின் ஆறு அண்டைகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். யானைக் கிராஃபில் அவை இரண்டு தனித்தனி முக்கோணமாகப் பிரியும். மற்றதில் ஆறும் கைகோத்து ஓர் அறுகோண வளையமாக நிற்கும். இரண்டும் வேறு. புள்ளிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்று மற்றொன்றாக ஆகாது. மத்தியப் பிரதேசத்தின் சாகரில் 1917இல் பிறந்த ச. ச. ஸ்ரீகண்டே 1959இல் இதை வெளியிட்டார். இந்த எண்களுக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது. அதே ஆண்டில் போஸோடும் பார்க்கரோடும் சேர்ந்து ஆய்லரின் பழைய ஊகம் ஒன்றை உடைத்துப் பத்திரிகைச் செய்தியானவரும் அவர்தான். 102 வயது வாழ்ந்து 2020இல் மறைந்தார். இரண்டுதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். (36, 15, 6, 6) என்ற எண்களுக்கு ஒன்றுக்கொன்று வேறான 32,548 கிராஃப்கள் இருக்கின்றன. இலக்கணம் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. எல்லாச் சமயமும் ஒரே கடவுளைத்தான் சொல்கின்றன என்று மேடையில் எளிதாகச் சொல்கிறவர்களை இந்தக் கரும்பலகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைக்க ஆசை.

தோன்றுவதற்கு முன் இல்லாமைக்கும் கதை இருக்கிறது. 100 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 22 அண்டை, முக்கோணமே இல்லை: ஹிக்மன்–சிம்ஸ் கிராஃப். டொனால்ட் ஹிக்மனும் சார்லஸ் சிம்ஸும் 1968இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து 4,43,52,000 உறுப்புள்ள ஓர் அபூர்வமான குலம் பிறந்தது, உலகமே பேசியது. ஆனால் அதே கிராஃபை டேல் மெஸ்னர் 1956ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே கட்டியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷம் அந்தக் கிராஃப் உண்டா, இல்லையா? சைவ சித்தாந்தி சற்காரியவாதி. இல்லாதது புதிதாக வராது என்பார். அவருக்கு அது மெஸ்னருக்கும் முன்னால், போஸுக்கும் முன்னால், என்றும் இருந்தது. நையாயிகர், செய்யும்வரை காரியம் இல்லை என்பார். கணிதக்காரர்களில் பெரும்பாலோர் வார நாட்களில் சித்தாந்திகள், யாராவது அழுத்திக் கேட்டால் நையாயிகர்கள். நான் சித்தாந்தி பக்கம். ஆனால் ஒன்றைச் சேர்ப்பேன்: என்றும் இருப்பது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு. கிடைப்பதற்குத்தான் இந்தத் தரவுத்தளம். ஆய்வேட்டுக்குள் புதைந்து கிடந்தால் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எவற்றைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு கேள்வி உண்டு. 10 புள்ளியில் வெவ்வேறான கிராஃப்கள் மொத்தம் 1,20,05,168. அதில் பீட்டர்சன் ஒன்று. பெரும்பாலான கிராஃப்களுக்கு எந்தச் சமச்சீரும் கிடையாது என்று எர்டோஷும் ரென்யியும் 1963இல் காட்டிவிட்டார்கள். சிறப்பானவை என்று பெயர் வைத்து நாம் பொறுக்கி எடுப்பவை நம் கண்ணுக்கும் நம் கருவிக்கும் அகப்படுகிறவை. இதைப் பொருளின் பெருமை என்று மட்டும் எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

57க்கு வருகிறேன். அப்படி ஒரு கிராஃப் இருந்தால் அதற்கு 3250 புள்ளி, 92,625 கோடு. முக்கோணம் கிடையாது, நாற்கோணமும் கிடையாது. எந்தப் புள்ளியிலிருந்தும் எதற்கும் இரண்டு எட்டில் போய்விடலாம். அதன் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் மூன்று: 57 ஒரு முறை, 7 என்பது 1729 முறை, −8 என்பது 1520 முறை. ஆம், ராமானுஜன் டாக்ஸி எண் 1729தான். வகுப்பில் இதை எழுதும்போதெல்லாம் ஒரு சலசலப்பு எழும். வெறும் தற்செயல் என்று சொல்லி நான் அடக்கிவிடுவேன்; ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயாரை இதற்குள் இழுப்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. இன்னும் சொல்லலாம்: எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத் தோன்றும் பீட்டர்சனின் அழகு இதற்கு இருக்காது என்று ஹிக்மனே காட்டினார். இத்தனை இலக்கணமும் துல்லியமாகத் தெரியும். உண்டா என்பது மட்டும் தெரியாது. சேஜைக் கேட்டாலும் அது நான்காவது பதிலைத்தான் சொல்லும்.

கடவுளின் எண்குணத்தைத் தடையில்லாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குணங்கள் முரண்படவில்லை என்பதைக் காட்டிவிட்டால் குணமுள்ள பொருள் உண்டு என்று ஆகிவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். 57 அந்த நினைப்பைத் தடுக்கிறது. மறுபக்கம், கண்ணில் படவில்லை, ஆகவே இல்லை என்பவரையும் அதே 57 தடுக்கிறது. அவர் இன்னும் வெளிச்சம் ஏற்றவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். தொண்ணூறு வயதை நெருங்கியிருந்தார், காது மட்டும் மந்தம்.

"ஏட்டி, தெரியாதுன்னு சொல்லுததுக்கு ஒரு மிஷினு வேணுமாக்கும்? அத நானே சொல்லுவேனே!"

"எங்க சொல்லுதீங்க பெரியப்பா? இந்த வீட்டுல யாரு இதுவரைக்கும் தெரியாதுன்னு சொல்லிருக்கா?"

சிரித்துவிட்டார். பிறகு, "அது ஐயம், அறிவு இல்ல. ஐயத்தப் போயி பதில்னு சொல்லுதியே" என்றார். நல்ல தடை. தருக்க நூலில் ஐயம் பிழையான அறிவோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தூணா ஆளா என்று இருட்டில் தடுமாறுவது வேறு. இன்னின்ன வழியெல்லாம் பார்த்தாயிற்று, இந்த எண்ணில் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை என்று எல்லை வரைந்து சொல்வது வேறு. முன்னது என் மனத்தின் நிலை. பின்னது அறிவின் எல்லை பற்றிய செய்தி, அதைச் சரிபார்க்கவும் முடியும். நாளைக்கு ஒருவர் 57ஐத் தீர்த்துவிட்டால் மென்பொருளில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடாது. பெரியப்பா இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சேஜுக்குப் பணம் வேண்டாம், பழைய மடிக்கணினி போதும். 57 மலைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். 99 புள்ளியில் (99, 14, 1, 2) இருக்கிறது. அதைத் தீர்ப்பவருக்கு 1000 டாலர் என்று ஜான் கான்வே அறிவித்திருந்தார். அதையும்விடச் சிறியது வேண்டுமென்றால் (69, 20, 7, 5). வலுவொழுங்கு கிராஃப்களில் உண்டா இல்லையா என்று இன்னும் தெரியாதவற்றுள் மிகச் சிறியது அதுதான். புள்ளிகள் அறுபத்தொன்பதே. கட்டிவிட்டால் அனுப்புங்கள், இல்லை என்று காட்ட முடிந்தால், எப்படித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.